நாலரை அங்குலச் சுவர்

மலாக்காவின் காஜா பேராங்கில், எல்லோரும் நோன்யா என்று கூப்பிடும் சீன அம்மாளுக்குச் சொந்தமான பலகை வீட்டு வரிசையில் நாலாவது வீடு தாவூத் வீடு. ஐந்தாவது நல்லையா வீடு. நடுவே இருந்தது ஒரே ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் மஜீதா தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து பொன்னம்மா, மழையில் நனைந்தீர்களா அக்கா என்று கேட்பாள். நல்லையா சம்பள நாளில் கொஞ்சம் அதிகமாகப் பாடினால் தாவூத் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். பாட்டு நின்றுவிடும்.

மஜீதா இடியாப்பம் பிழிகிறவள். அந்த ஊரில் அதற்குப் புட்டுமாயம் என்று பெயர். விடிவதற்கு முன் ஒரு ஈடு, மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஈடு. பிரம்புத் தட்டுகளில் வெந்து இறங்கியதைத் துணி விரித்த கூடையில் அடுக்கி, தேங்காய்ப் பூவும் பழுப்புச் சர்க்கரையும் தனித்தனி டின்னில் போட்டு, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தாவூத் கிளம்புவார். காஜா பேராங் முழுக்கச் சுற்றி, சில நாள் தள்ளியிருந்த பத்து பெரெண்டாம் என்ற ஊர் வரைக்கும் மிதித்துவிட்டு வருவார். அவர்களுடைய ஒரே மகள் ஹஸீனா கல்யாணமாகி மூவாருக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

பொன்னம்மா கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். நல்லையா லோரியில் உதவியாள். அவர்களுடைய மகள் ஜெயாவுக்கு ஆறு மாதம் ஆனதுமே பொன்னம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நாளில் மஜீதா பின்வாசல் வழியாக வந்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஒரு வருடமாக அப்படித்தான் நடந்தது. பகல் தூக்கத்துக்கு மட்டும் ஜெயாவை அவள் வீட்டுத் தூளியிலேயே போடுவாள் மஜீதா. அடுப்புப் புகை பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்கு ஒரு எண்ணம். பின்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் பத்து எட்டு வைத்தால் போதும்.

அந்த வருடம் ஆகஸ்டு மாத ஆரம்பத்தில், ஒரு சனிக்கிழமை மதியம், இரண்டாவது ஈடு ஏறியிருந்தபோது அது நடந்தது.

அடுப்புக்குப் பின்னால் பலகையைக் காக்க ஒரு துத்தநாகத் தகடு அடித்திருந்தது. ஆணி துருப்பிடித்து, தகடு பலகையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் பலகை வருடக்கணக்காகக் காய்ந்து கரியாகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அன்று ரப்பர் கட்டை நன்றாகப் பிடித்து எரிந்தது. கருகல் வாடை வந்தபோது கட்டையில் பால் பிசின் இருக்கும் என்று நினைத்தாள் மஜீதா. தகட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடியதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் தூளி.

தண்ணீர்க் குடம் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அதை எடுக்காமல் பின்வாசல் வழியாக ஓடினாள். அந்த அறையில் புகை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. பலகையில் விழுந்த ஓட்டையிலிருந்து தணல் உதிர்ந்து தூளியின் அடித்துணி பற்றியிருந்தது. பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது இடது காலின் பெருவிரலில் மட்டும் ஒரு கொப்புளம். வேறு ஒன்றுமில்லை. வரிசை வீட்டுக்காரர்கள் வாளியும் குடமுமாக ஓடிவந்து தீயை அணைத்தார்கள். உரல் வாய் அளவுக்குத் தடுப்பில் ஒரு கரி ஓட்டை மிச்சமானது.

சாயங்காலம் சிமெண்டுத் தூசி படிந்த கைலியோடு பொன்னம்மா வந்தாள். யாரோ வழியிலேயே சொல்லியிருந்தார்கள். மஜீதாவின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, தலையிலிருந்து கால் வரைக்கும் தடவிப் பார்த்தாள். பெருவிரலில் கை நின்றது. மஜீதா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே பொன்னம்மா எழுந்து போய்விட்டாள். பின்வாசல் கதவு சாத்தப்பட்டது. மறுநாளிலிருந்து அவள் வேலைக்கும் போகவில்லை. ஓட்டையின் மேல் அந்தப் பக்கமிருந்து ஒரு கோணிச்சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரி நோன்யா, திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவில் வந்து இறங்கினாள். சட்டென்று கோபப்படுகிறவள் இல்லை அவள். குடையைக் கையில் பிடித்தபடி இரண்டு வீட்டுப் பக்கமும் பார்த்துவிட்டு, மலாயில் நிதானமாகவே சொன்னாள். அந்த அடுப்பு இருந்தால் நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்கிறோம் என்று பொன்னம்மா சொல்லிவிட்டாளாம். இரண்டு குடும்பமும் தனக்கு வேண்டியவர்கள்தான் என்றாள் நோன்யா. அடுப்புக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர் எழும்ப வேண்டும், மாதக் கடைசிக்குள். அதுவரைக்கும் அடுப்பில் நெருப்பு வைக்கக் கூடாது. சுவர் வராவிட்டால் இந்த வீட்டில் இடியாப்பத் தொழிலே கூடாது.

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று மஜீதாவுக்கே தெரிந்தது. பொன்னம்மா அப்படிச் சொன்னாள் என்பதுதான் உள்ளே போய்க் குத்தியது.

தாவூத் ஒரு கொத்தனாரைத் தேடிப் போனார். மாதக் கடைசியில் மலாயாவுக்குச் சுதந்திரம்; கொடி மாறப் போகிறது. மலாக்கா முழுக்க மேடையும் வளைவும் வெள்ளையடிப்புமாக இருந்தது. ஒரு அடுப்புச் சுவருக்கு வர எந்தக் கொத்தனாருக்கும் நேரமில்லை, செப்டம்பரில் பார்ப்போம் என்றார்கள். இடியாப்பம் இல்லாத நாளில் தாவூத் சும்மா இருக்க முடியுமா? டவுனில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கப் போனார். பக்கத்தில் ஒரு பழைய கடையின் பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடையின் சீன முதலாளி தவுக்கேயிடம் கேட்டார். குப்பைக்குத்தானே போகிறது, எடுத்துக்கொள் என்றான் அவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, நடைக்கு இருபது கல். இடியாப்பக் கூடையிலேயே வைத்து மிதித்து வந்தார். ஒரு வாரத்தில் பின்வாசலில் செங்கல் குவிந்தது. கூடையின் அடி பிய்ந்துபோனது. சிமெண்டு ஒரு மூட்டை வாங்கினார். கடலோரத்திலிருந்து இரண்டு சாக்கு மணலும் அள்ளி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தானே கட்டுவதாகச் சொன்னார். மஜீதாவால் ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடமாக மாவு பிசைகிற கைக்குக் கலவை பிசையத் தெரியாதா என்று தோன்றிற்று. புதன்கிழமை அவர் கிளம்பிப் போனதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கல்லில் ஒட்டியிருந்த பழைய காரையை மொண்ணை அரிவாளால் மேலோட்டமாகச் சுரண்டினாள். சிமெண்டையும் மணலையும் கொட்டித் தண்ணீர் விட்டு, இடியாப்ப மாவுப் பதத்துக்கு இறுக்கமாகப் பிசைந்தாள். பாத்திரம் அடுக்குகிற மாதிரி ஒரு கல்லுக்கு மேல் இன்னொரு கல்லை நேராக வைத்துக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் பதினோரு வரி ஏறிவிட்டது. தாவூத் வந்து வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அன்று அவர்கள் கடையில் வாங்கி வந்த சோறும் கருவாடும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பன்னிரண்டாவது வரியை ஆரம்பிக்கக் கல்லை வைத்து அழுத்தினாள். கீழே இருந்த கல் கையோடு வந்தது. இடையில் இருந்த கலவை பிட்டு மாதிரி பொலபொலவென்று கொட்டியது. என்ன என்று குனிவதற்குள் சுவர் முழுவதும் வயிறு தள்ளிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தது. விலகிக்கொண்டாள். ஆனாலும் ஒரு கல் கணுக்காலில் உரசிப் போனது. அடுப்பின் ஒரு கரை உடைந்தது. தூசி அடங்கியபோது மஜீதா அந்தக் கல்லுக் குவியலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். தீப்பிடித்த அன்று அழவில்லை, நோன்யா வந்த அன்றும் அழவில்லை. இப்போது அழுகை வந்தது.

கோணிச்சாக்கு அசைந்தது.

"செங்கல்ல நனைச்சீங்களா?"

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கேட்கிற பொன்னம்மாவின் குரல். மஜீதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நனைக்கணுமா?"

"காஞ்ச கல்லு கலவையில உள்ள தண்ணியெல்லாம் குடிச்சிரும். அப்புறம் எப்படிப் பிடிக்கும்?"

பிறகு மறுபடி கேட்டது.

"எப்படி அடுக்குனீங்க?"

"ஒண்ணு மேல ஒண்ணு. நேரா."

"அதான். ரெண்டு கல்லு சேர்ற எடத்து மேல ஒரு முழுக் கல்லு உக்காரணும். நேத்து முழுக்கச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். பாதிக் கல்லு ஒடைக்கிற சத்தமே வரல. அப்பவே நெனச்சேன், விழுந்துரும்னு."

சாக்கு பழையபடி தொங்கிற்று. சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் மஜீதா நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் நிழல் விழுந்தது. வேலைக்குக் கட்டுகிற பழைய கைலி, தலையில் துண்டு, இடுப்பில் ஜெயா. பிள்ளை மஜீதாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. பொன்னம்மா கொடுக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே, நிழலில், ஒரு சாக்கை விரித்துப் பிள்ளையை உட்கார வைத்து, கையில் ஒரு மூடியைக் கொடுத்தாள். மஜீதா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

பொன்னம்மா முதலில் மணலைப் பார்த்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, உடனே துப்பினாள். கடல் மணல், உப்பு, இது ஆகாது என்றாள். நல்லையாவிடம் சொல்லி ஆற்று மணல் இரண்டு சாக்கு கொண்டுவரச் சொல்வதாகச் சொன்னாள். நல்லையா அன்றே மத்தியானம் லோரியை வீட்டு முன்னால் நிறுத்தி இறக்கிவிட்டுப் போனான். போகும்போது மஜீதாவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

சுவர் கட்டத் தெரிந்தவள் வந்துவிட்டாள் என்று மஜீதா கொஞ்சம் மூச்சு விட்டாள். அதுவும் நெடுநேரம் நீடிக்கவில்லை.

"எனக்குக் கல்லு வெக்கத் தெரியாதுக்கா," என்றாள் பொன்னம்மா. "எட்டு வருசமாக் கலவை தூக்குறேன். கரண்டியத் தொட்டா கொத்தனாரு கத்துவாரு. பார்த்திருக்கேன், அவ்ளோதான்."

"நானும் நேத்துதான் மொத மொதலா வெச்சேன்."

"அது கீழ கெடக்கு," என்றாள் பொன்னம்மா. இரண்டு பேரும் சிரிக்கவில்லை, ஆனால் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பகல் முழுக்கக் கல்லைச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. விழுந்த கல்லையெல்லாம் சேர்த்து, காரை ஒட்டு இல்லாமல் ஆறு பக்கமும் கொத்தினார்கள். அரிசி ஊறப்போடுகிற பெரிய தொட்டியில் கல்லைப் போட்டால் முட்டை முட்டையாகக் குமிழ் வந்தது. குமிழ் நிற்கும்வரை விட்டு, பிறகு எடுத்துத் தண்ணீர் வடிய வைத்தார்கள். பாதிக் கல் உடைப்பது மஜீதாவின் பங்கு. முதல் நாலு கல்லும் மூன்று மூன்று துண்டாகப் போயின. சுற்றிலும் மெதுவாகத் தட்டிக் கோடு போட்டுவிட்டு, கடைசியில் ஓங்கி ஒரு அடி போட்டால் சரியாகப் பிளக்கும் என்று ஐந்தாவது கல்லில் அவளே கண்டுபிடித்தாள்.

மறுநாள் முதல் வரி. பலகையிலிருந்து நாலு விரல் இடைவெளி விட வேண்டும் என்றாள் பொன்னம்மா. இல்லாவிட்டால் கல்லின் சூடு அப்படியே மரத்துக்குப் போய்விடும். சுவரின் கனம் நாலரை அங்குலம்தான். அவ்வளவு மெல்லிசான சுவர் தனியே நிற்காது என்பதால் இரண்டு ஓரத்திலும் கையை மடக்கினது போல இரண்டிரண்டு கல் திருப்பிக் கட்டினார்கள். மட்டம் பார்க்க ரசமட்டம் இல்லை. மஜீதா ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கல்லின் மேல் வைத்தாள். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கத்துக் கல்லைத் தட்டினார்கள். தூக்குக்குண்டுக்கு நூலில் தராசின் எடைக்கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த ஒரு வரிக்கே பாதி நாள் ஆனது. கலவையை இடியாப்ப மாவை விடத் தளர்வாக, தோசை மாவை விடக் கெட்டியாகப் பொன்னம்மா கலந்து கொடுத்தாள். கரண்டி மஜீதாவின் கையில் இருந்தது. சோறு பரிமாறுகிற கரண்டிதான்; அதன் வளைவைத் தாவூத் தட்டி நேராக்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம் என்று பொன்னம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஈரச் சுவருக்கு மேல் பாரம் ஏற்றினால் பிதுங்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஜெயாவை உள்ளே தூக்கிவர வேண்டியதாயிற்று. பொன்னம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மஜீதா சுடச்சுடத் தேநீர் போட முடியாத வீட்டில், பக்கத்துக் கடையில் வாங்கி வைத்திருந்த ரொட்டியை எடுத்து வைத்தாள். மழைச் சத்தத்தில் பொன்னம்மா என்னவோ சொன்னது கேட்கவில்லை. என்ன என்று மஜீதா கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க தண்ணிய எடுக்கல, பிள்ளைய எடுக்க ஓடுனீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்குத் தெரியும்கா. தெரிஞ்சும் கோவம் போகல."

"எப்படிப் போகும்? நான்தானே அங்க படுக்க வெச்சேன். எனக்கே என் மேல போகல."

பொன்னம்மா பிள்ளையின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் ஆறி, புதுத்தோல் ரோஜா நிறத்தில் இருந்தது.

"அது இல்லக்கா. அந்தப் பலகை சுடும்னு எனக்குத் தெரியும்." குரல் இறங்கிப்போனது. "போன மழைக்காலத்துலேர்ந்தே தெரியும். பிள்ளையோட துணி காயாதுல்ல, அந்தப் பலகையிலதான் ஆணியடிச்சுக் காயப்போடுவேன். ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிரும். நல்லாருக்கேன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. அவருகிட்டயும் சொல்லல. கைய வெச்சுப் பாத்துப் பாத்து, நான்தான் தூளிய அதுக்குப் பக்கத்துல கட்டுனேன், பிள்ளைக்குக் குளிராம இருக்கட்டும்னு."

இத்தனை நாளும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பொன்னம்மா தன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்றே மஜீதா நினைத்திருந்தாள். அவளோ உட்கார்ந்து தன்னையே அரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நோன்யாகிட்ட அப்படிச் சொன்னதுகூட..." என்று ஆரம்பித்தாள் பொன்னம்மா.

"சொன்னது சரிதான். நீ சொல்லலன்னா இந்தச் சுவரு வந்திருக்காது. அந்தத் தகட்டையே திரும்ப அடிச்சு நான் அடுப்பப் பத்த வெச்சிருப்பேன்." மஜீதா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "பொன்னம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. அத நாம ரெண்டு பேரும் கொஞ்சம் நினைச்சுப் பார்ப்போம்."

பொன்னம்மா அழுதாள். ஜெயா அம்மாவின் கன்னத்தை ஈரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரொட்டியை எடுத்து அவள் வாயில் திணிக்கப் பார்த்தது. மழை விட்டதும் அன்றைக்கு மிச்சம் இருந்த இரண்டு வரியையும் வைத்தார்கள்.

நாலாம் நாள் சுவர் மஜீதாவின் நெற்றி உயரத்துக்கு வந்து முடிந்தது. மேல் பாதி கொஞ்சம் வலப்பக்கம் ஏறியிருந்தது. ஏழாவது வரியில் ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றது. தாவூத் அதைத் தடவிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும், துணி மாட்டலாம் என்றார். கரிந்த பலகையை நல்லையா அறுத்து எடுத்துவிட்டுப் புதுப்பலகை அடித்தான். ஏழு நாள் ஈரச்சாக்குப் போர்த்தி, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். இரண்டு வீட்டுப் பின்வாசலும் இப்போது திறந்தே இருந்தது.

நோன்யா வந்தபோது குடை நுனியால் சுவரை நாலு இடத்தில் குத்திப் பார்த்தாள். தோளால் ஒரு தள்ளுத் தள்ளியும் பார்த்தாள். அசையவில்லை. யார் கட்டியது, கோணலாக இருக்கிறதே என்று கேட்டாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, தன் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சின்னச் சுவர் இடிந்து கிடக்கிறது, கொடியேற்றம் முடிந்து ஓய்வாக இருக்கும்போது வருவீர்களா என்று கேட்டுவிட்டுத் திரிஷாவில் ஏறினாள். திரிஷா தெருமுனை திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருந்து, பிறகு பொன்னம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உடைந்த அடுப்புக் கரையைப் பூசிவிட்டு, முதலில் இரண்டு நாள் சின்ன நெருப்பு மட்டும் வைத்துச் சுவரைக் காயவிட்டார்கள். மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கையில் மஜீதா அடுப்பை முழுதாகப் பற்றவைத்தாள். மாவு வறுத்து, பிசைந்து, முதல் ஈடு ஏற்றினாள். ரப்பர் கட்டை அன்றைக்குப் போலவே சடசடத்து எரிந்தது. மஜீதாவின் கண் இடியாப்பத்தில் இல்லை. அந்தப் பக்கம் பொன்னம்மா புதுப்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சுடுதா?"

"இல்லக்கா."

இரண்டாவது ஈடு இறங்கியது. மூன்றாவது ஏறியது. மஜீதா இன்னும் இரண்டு கட்டையைத் தள்ளினாள். அவள் பக்கத்துச் செங்கலில் கை வைக்க முடியாத சூடு.

"இப்ப?"

பதில் வரச் சற்று நேரமாயிற்று. மஜீதா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"கன்னத்த வெச்சுப் பார்த்தேன்," என்றது குரல். "சில்லுனு இருக்கு."

பிறகு பொன்னம்மாவே பின்வாசல் வழியாக வந்தாள். இடுப்பில் ஜெயா. ஆவி பறக்கும் அடுக்களையில் வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, பிள்ளையை மஜீதாவிடம் நீட்டினாள். மஜீதாவின் கையெல்லாம் மாவு. முழங்கையாலேயே வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்குப் போறேன்கா. ஆள் போதலன்னு கொத்தனாரு ரெண்டு தடவ சொல்லியனுப்பிட்டாரு. தூளிய முன்ரூமுக்கு மாத்திக் கட்டியிருக்கேன். ரெண்டு மணிக்குத் தூங்கிரும்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் மஜீதா.

மறுநாள் காலை ஈடு முழுவதும் காஜா பேராங்கிலேயே விற்றுத் தீர்ந்தது. எங்கே இத்தனை நாளாகக் காணோம் என்று வீட்டுக்கு வீடு கேட்டதாகத் தாவூத் வந்து சொன்னார். மறுபடி நாலு மணிக்கு, மத்தியான ஈட்டை எடுத்துப்போக அவர் வந்தபோது அடுப்பில் வெறும் சாம்பல்தான் இருந்தது. பிசைந்த மாவு ஈரத்துணிக்கடியில் அப்படியே கிடந்தது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

முன்ரூமில் ஜெயா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே வெறுந்தரையில், தூளிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மஜீதாவும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். தீப்பிடித்த நாளிலிருந்து அவள் கண்ணை மூடினால் உடனே உதறி எழுந்துவிடுவதை அவர் தினமும் பார்த்திருந்தார். அவளை எழுப்பவில்லை. கதவை ஓசையில்லாமல் ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வெறுங்கூடையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், இன்றைக்குச் சாயங்காலம் புட்டுமாயம் இல்லை என்று வாடிக்கை வீடுகளில் சொல்லிவிட்டு வந்தார்.